16 மாதத்தில் ஃப்ரிட்ஜ் கூலிங் போய்விட்டது: வாரண்டி முடிந்தால் கடை கைகழுவலாமா?

ஈசூன்_வாசி கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் வட்டாரக் கடை ஒன்றில் 1,399 வெள்ளிக்கு வாங்கிய இரட்டைக் கதவு இன்வர்ட்டர் ஃப்ரிட்ஜ். டெலிவரி ஆகி 16 மாதம். இப்போது கீழ்ப்பகுதியில் பால் ஒரே நாளில் திரிந்துவிடுகிறது, ஃப்ரீசரில் மீன் இளகிக் கிடக்கிறது. கம்ப்ரசர் மட்டும் ஓயாமல் ஓடுகிறது. சர்வீஸ் சென்டர் ஆள் வந்தார், "கேஸ் லீக், வாரண்டி முடிந்தது" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்து 420 வெள்ளி ஆகும் என்றார். கதவில் "கம்ப்ரசர் 10 ஆண்டு வாரண்டி" என்று பெரிய ஸ்டிக்கர் இருக்கிறது, ஆனால் இது அதில் சேராதாம். கடையில் கேட்டால் "நாங்கள் விற்பதோடு சரி, பிராண்டிடம் பேசுங்கள்" என்கிறார்கள். ரசீதின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று வேறு அச்சிட்டிருக்கிறார்கள். குறையுள்ள பொருளுக்கான லெமன் சட்டமும் ஆறு மாதத்தோடு முடிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். 420 வெள்ளி கட்டுவதா, கடையோடு மல்லுக்கட்டுவதா?

சட்டப்புள்ளி:

நண்பர் சொன்னது பாதிதான் சரி. லெமன் சட்டம் என்று நாம் சொல்வது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த பகுதி. டெலிவரியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு. ஆறு மாதம் தாண்டினால் உங்கள் உரிமை போய்விடுவதில்லை, நிரூபிக்கும் பொறுப்புதான் உங்கள் பக்கம் மாறுகிறது. 16 மாதத்தில் நீங்கள் நிற்பது அங்கேதான்.

இதற்கும் வாரண்டிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். வாரண்டி என்பது தயாரிப்பாளர் தன் விருப்பத்தில் தருவது. ஓராண்டு என்று எழுதினாலும் ஐந்தாண்டு என்று எழுதினாலும் அது அவர் இஷ்டம். பொருள் விற்பனைச் சட்டம் போடும் கடமை அப்படியல்ல. விற்கும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், அந்தத் தரத்தை எடைபோடும்போது எவ்வளவு காலம் உழைக்கிறது என்பதும் சேரும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் கடமை உங்களிடம் பணம் வாங்கிய கடைக்கு உரியது. "பிராண்டிடம் பேசுங்கள்" என்று அவர்கள் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. வேண்டுமானால் உங்களுக்குச் செய்து கொடுத்துவிட்டு அவர்கள் பிராண்டிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

ரசீதின் அடிவரியை மறந்துவிடுங்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டப்படி, பயனீட்டாளருக்கு விற்கும்போது தரம் பற்றிய இந்தக் கடமையைக் கடை ஒரு வரி அச்சிட்டுக் கழற்றிவிட முடியாது. மனம் மாறித் திருப்பித் தருபவர்களுக்குத்தான் அந்த வரி.

என்ன கேட்கலாம் என்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், கடையின் செலவில், நியாயமான காலத்துக்குள். அது நடக்கவில்லை என்றால்தான் விலைக் குறைப்பு அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம். பணத்தைத் திருப்பித் தரும்போது நீங்கள் பயன்படுத்திய காலத்துக்கு ஒரு தொகையைக் கழிக்கலாம். எடுத்த எடுப்பில் 1,399 வெள்ளியையும் கேட்டால் உங்கள் பக்கம்தான் வலுக்குறையும்.

குளிர்வேலை:

சட்டம் சரி, ஆனால் இது கேஸ் லீக்தானா என்று முதலில் பாருங்கள். அந்த ஒரு வரித் தாளை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஃப்ரிட்ஜை அணைத்து, இரண்டு கதவையும் திறந்து, கீழே துண்டு விரித்து 24 மணிநேரம் விடுங்கள். பிறகு போடுங்கள். சில நாள் ஒழுங்காகக் குளிர்ந்து மறுபடி போனால் அது கேஸ் லீக் இல்லை. ஐஸைக் கரைக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரோ சென்சாரோ போய், காயில் (உள்ளே குளிரூட்டும் குழாய்ச் சுருள்) முழுக்க ஐஸ் மூடிக் காற்று போக வழியில்லாமல் நிற்கிறது. அது சின்ன வேலை. அணைத்துப் போட்டும் குளிரே வரவில்லை என்றால், டெக்னீஷியனை ஃப்ரீசரின் உள்பக்கப் பின்தகட்டைக் கழற்றச் சொல்லி காயிலைப் படம் எடுங்கள். கேஸ் குறைந்திருந்தால் கேஸ் நுழையும் பக்கம் ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் வெள்ளையாக உறைபனி இருக்கும், மிச்சக் காயில் வெறுமையாக இருக்கும். கம்ப்ரசர் கைவைக்க முடியாத சூட்டில் ஓடும், ஆனால் பக்கவாட்டுச் சுவர் வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. கம்ப்ரசர் ஓடவே இல்லை என்றால் அதை இயக்கும் இன்வர்ட்டர் போர்டைப் பார்க்க வேண்டும், உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இனி முக்கியமான விஷயம். ஃப்ரிட்ஜின் குழாய்ச் சுற்று தொழிற்சாலையிலேயே ஒட்டி மூடப்பட்டது. கார் ஏர்கானுக்குப் போல அவ்வப்போது கேஸ் நிரப்பும் வேலை இதில் கிடையாது, ஆயுள் முழுக்க அந்த ஒரே கேஸ்தான். இப்போது இங்கே விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற கேஸ். அளவும் மிகக் கொஞ்சம், பின்பக்கத் தகட்டில் கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கும், பல மாடல்களில் நூறு கிராமைத் தொடாது. 16 மாதத்தில் அது வெளியேறியிருந்தால் எங்கோ ஓட்டை. அந்த ஓட்டை எங்கே என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

செம்பும் அலுமினியமும் சேரும் ஒட்டில் கசிவு, டிரையர் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் சிறு பாகம்) ஒட்டில் கசிவு, கதவுச் சட்டத்துக்குள் வியர்க்காமல் இருக்க ஓடும் இரும்புக் குழாய் நுரைக்குள் துருப்பிடித்துக் கசிவு: இவை மூன்றும் உற்பத்திக் கோளாறு, உங்கள் கைபட்ட இடமே அல்ல. ஃப்ரீசர் சுவரில் கத்தியால் ஐஸைக் குத்திய ஓட்டை என்றால் உங்கள் தலையில்தான். அதனால் அறிக்கையில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: மாடலும் சீரியல் எண்ணும், கசிவு எந்த இடத்தில், எப்படிக் கண்டுபிடித்தார், வெளியிலிருந்து அடியோ குத்தோ பட்ட அடையாளம் உண்டா இல்லையா. கம்பெனி ஆள் எழுத மறுத்தால் வெளியில் ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டு, பார்த்து எழுதுவதற்கு மட்டும் கட்டணம் கொடுங்கள்.

அந்த 420 வெள்ளியில் என்னென்ன அடக்கம் என்றும் கேளுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் மறுபடி வெளியேறும். ஓட்டை அடைப்பு, புது டிரையர், குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம், தராசில் எடைபோட்டு நிரப்புவது, நான்கும் இருந்தால்தான் வேலை முழுமை. ஆர்600ஏ தீப்பற்றும் வாயு, நெருப்பு வைத்து ஒட்டத் தெரியாதவரைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

10 ஆண்டு ஸ்டிக்கர் வழக்கமாகக் கம்ப்ரசர் என்ற அந்த உருண்டைப் பாகத்துக்கு மட்டும். ஆள்கூலி, கேஸ், போக்குவரத்து எதுவும் அதில் வராது. பளபளவென்று ஒட்டுவதற்கு நல்ல ஸ்டிக்கர்.

ஈசூன்_வாசி:

ரொம்ப நன்றி. அணைத்துப் போட்டுப் பார்த்தேன், குளிர் வரவில்லை. காயிலில் மேல் இரண்டு வரிசையில் மட்டும்தான் உறைபனி, படம் எடுத்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் கார்ப்பெண்டர் செய்த கபினெட்டுக்குள் இருக்கிறது. அதைச் சொல்லித் தப்பிப்பார்களா?

குளிர்வேலை:

சொல்லிப் பார்ப்பார்கள். மேனுவலில் பின்னாலும் பக்கத்திலும் மேலேயும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று போட்டிருக்கும். அளவு நாடா வைத்து மூன்று பக்கமும் படம் எடுங்கள். இடைவெளி போதாவிட்டால் கம்ப்ரசர் சூடேறி மின்சாரம் அதிகம் இழுக்கும், அதற்காக ஒட்டில் ஓட்டை விழாது. இதை டெக்னீஷியனிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னால் பல்லி, கரப்பான் எச்சம் இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். பூச்சியால் போர்டு கெட்டால் வாரண்டி இல்லை என்பது எல்லோரும் போடும் நிபந்தனை. உங்கள் கோளாறு போர்டில் இல்லை என்று காட்ட அந்தப் படம் உதவும்.

நடுவர்வழி:

மேலே இருவரும் சொல்லாத ஒன்று, கெடு. சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் வழக்கு எழும் காரணம் பிறந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும் (2019 நவம்பருக்கு முன் ஓராண்டுதான் இருந்தது). தரக்குறைவான பொருளை விற்றதுதான் தவறு என்பதால், ஃப்ரிட்ஜ் கெட்ட நாளிலிருந்து எண்ணாமல் டெலிவரி நாளிலிருந்து எண்ணுவதே பத்திரம். 16 மாதம் போய்விட்டது, உங்கள் கையில் எட்டு மாதம். கடை "அடுத்த வாரம் பார்க்கிறோம்" என்று இழுத்தடிப்பதற்கு அர்த்தம் புரிகிறதா? ரசீது தேதியோடு டெலிவரி ஆர்டரில் கையெழுத்திட்ட தேதியையும் தேடி எடுங்கள்.

முதல் வேலை கடிதம். கடையின் வர்த்தகப் பெயருக்கு எழுதாமல், ரசீதில் யுஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நிறுவனப் பெயருக்கு எழுதுங்கள். பலகையில் ஒரு பெயர், பதிவில் வேறு பெயர் என்பது இங்கே சகஜம். வாட்ஸ்அப்பில் மட்டும் நிறுத்தாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள். இவ்வளவு போதும்:

"இன்ன மாடல், இன்ன சீரியல் எண், இன்ன தேதி டெலிவரி. இணைத்துள்ள அறிக்கையின்படி குழாய் ஒட்டில் கசிவு. இது டெலிவரியின்போதே இருந்த குறை, பொருள் திருப்தியான தரத்தில் இல்லை. 14 நாளில் உங்கள் செலவில் பழுதுபார்க்கவும் அல்லது மாற்றித் தரவும். இல்லையேல் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு செய்வேன்."

கோபம், முகநூலில் போடுவேன் என்ற மிரட்டல், ஒன்றும் வேண்டாம்.

பதில் இல்லை என்றால் பயனீட்டாளர் சங்கம். அவர்கள் கடையோடு பேசிச் சமரசம் செய்வார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. அந்தச் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் நம்பக முத்திரை உள்ள கடை என்றால் அந்த வழி பலன் தரும். இல்லாவிட்டால் அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

நடுவர் மன்றத்துக்கு சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வைத்து இணையத்தில் சிஜேடிஎஸ் என்ற மனுத் தளத்தில் மனு. பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. மன்றத்தின் வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. வழக்கறிஞர் கிடையாது, கடையும் வழக்கறிஞரோடு வர முடியாது. முதலில் பதிவாளர் முன்னிலையில் பேச்சு, அங்கே முடியாவிட்டால் நடுவர் விசாரணை. பெரும்பாலான கடைகள் பேச்சிலேயே இறங்கி வரும், ஒரு ஊழியரை அரைநாள் அனுப்பும் செலவு அவர்களுக்கும் கணக்கில் உண்டு. தமிழில் பேச வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொங்கோல்_காற்று:

420 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சலா? கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாமே.

சட்டப்புள்ளி:

கட்டலாம், ஆனால் வரிசை முக்கியம். கடைக்குக் கடிதம் போகும் முன் பழுதுபார்த்துவிட்டால், "எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை" என்று அவர்கள் சொல்வதற்கு நீங்களே வழிவிட்டதாகும். ஓட்டை இருந்த குழாயும் குப்பைக்குப் போய்விடும். 14 நாள் கெடு முடிந்த பிறகும் ஃப்ரிட்ஜ் இல்லாமல் தாங்காது என்றால், கடைக்குத் தெரிவித்துவிட்டுப் பழுதுபாருங்கள். மாற்றிய டிரையரையும் வெட்டிய குழாய்த் துண்டையும் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதில் ஆள்கூலி, பாகம், கேஸ் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பிறகு அந்த 420 வெள்ளியைக் கோருங்கள். பாதிக்குப் பாதி என்று கடை வந்தால் எடுத்துக்கொள்வதா என்பது, அறிக்கையில் கசிவு எங்கே என்று எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒட்டு என்று தெளிவாக இருந்தால் நான் பாதிக்கு இறங்க மாட்டேன்.

நடுவர்வழி:

இன்னொன்று. பொறுமை இழந்து புதுசு வாங்கினால், பழையதை டெலிவரி லாரிக்காரர் இலவசமாக எடுத்துப் போவார். 2021 ஜூலையிலிருந்து மின்கழிவு விதிப்படி அது கடையின் கடமை. விவகாரம் முடியும்வரை அவரிடம் பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிடாதீர்கள். இடமில்லை என்றால், கடைக்கு மின்னஞ்சலில் ஒரு தேதி கொடுத்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் வரவில்லை என்ற பதிவும் காயில் படங்களும் இருந்தால் பிறகு அனுப்பலாம்.