ஹீட் சிங்க்: ஏற்பியா, மறுகாலா, சூடாற்றியா?

பேட்டையிலிருந்து, வெள்ளி இரவு

குழுவினருக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம். ஞாயிறு காலை ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் வகுப்பு. கையேட்டை நாளைச் சாயங்காலத்துக்குள் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும். எல்லாம் எழுதி முடித்து, ஹீட் சிங்க்கில் வந்து நிற்கிறேன். டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்ற அதோடு சேர்த்துத் திருகுகிற, பல் பல்லாக இருக்கும் அலுமினியத் துண்டு. அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

போன தடவை எங்கோ பார்த்த 'வெப்பத் தொட்டி'யை அப்படியே போட்டுவிட்டேன். ஒரு பையன் வீட்டு ஆம்ப்ளிஃபயரை ஷோகேஸுக்குள் வைத்து, தூசி விழாமல் பின்பக்கத்துப் பல்லின் மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறான். "சூட்டைத் தொட்டி பிடிச்சு வச்சுக்கிடும்லா சார், காத்து எதுக்கு?" என்று கேட்டான். உள்ளே இருந்த 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் இரண்டும் போய்விட்டன. அவன் சொல்லை நம்பினான். தப்பு சொல்லில் இருக்கிறது, அதைக் கொடுத்த என்னிடம் இருக்கிறது. நல்ல சொல்லாகத் தாருங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, வெள்ளி இரவு

தம்பி, புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை. பிளஸ் ஒன் இயற்பியலில் கார்னோ வெப்ப இயந்திரம் நடத்தும்போது, வெப்பத்தைக் கொடுப்பது வெப்ப மூலம், மிச்சத்தை வாங்கிக்கொள்வது வெப்ப ஏற்பி என்றுதானே சொல்லிக்கொடுத்தோம்? சிங்க் என்றால் ஏற்பி. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஆளுக்கொன்று ஆக்கினால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து, சனி அதிகாலை

அண்ணாச்சி மன்னிக்கணும். ஏற்பி என்றால் வாங்கிக்கொள்வது. இங்கே வாங்குவது பெரிதில்லை, வெளியே விடுவதுதான் காரியம். குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் போகிற வழிக்கு நம் பக்கத்தில் என்ன பேர்? மறுகால். 'குளம் மறுகால் பாயுது' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி இருக்கிறது. சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலை இருக்கிறது, அங்கே தமிழி (தமிழ்பிராமி) எழுத்தில் கல்வெட்டே உண்டு.

'கால்' என்ற சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள். நீர் ஓடும் வழியும் கால், பழந்தமிழில் காற்றும் கால். வெப்பம் போகிற வழியும் அதைச் சுமந்து போகிற காற்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. வெப்ப மறுகால்! இரவெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தென்காசியிலிருந்து, சனி காலை

அண்ணன்மாரே, நான் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறவள். சாமான் கடையில் போய் 'வெப்ப மறுகால் ஒண்ணு கொடுங்க' என்றால் யார் எடுத்துத் தருவார்கள்? டிரான்சிஸ்டருக்கு ஏற்கெனவே கால் உண்டு, அதைத்தான் சால்டர் வைக்கிறோம். எங்கள் கடைப் பையன்கள் 'சீப்பு' என்கிறார்கள். இல்லாவிட்டால் ஹீட் சிங்க். ரேடியோவும் பஸ்ஸும் நம் வாயில் நிற்கவில்லையா?

நேற்று ஒரு வீட்டு ஆம்ப்ளிஃபயர் வந்தது. பல் எல்லாம் படுக்கைவாட்டில் இருக்கும்படி சாய்த்துச் செருகியிருக்கிறார்கள். சூடான காற்று மேலே ஏற வழியில்லை. பல்லிடுக்கில் தூசி கம்பளி மாதிரி அடைந்திருந்தது. டிரான்சிஸ்டரைக் கழற்றினால், அதற்கும் அலுமினியத்துக்கும் நடுவில் கரண்ட் பாயாமல் வைக்கிற மைகாத் தகட்டில், சூட்டைக் கடத்தத் தடவிய பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்கிறது. பேர் எதுவானாலும் வையுங்கள், பல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கையேட்டில் மறக்காமல் எழுதுங்கள்.

பேட்டையிலிருந்து, சனி முற்பகல்

எழுதிவிட்டேன் அக்கா. உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் ஒன்று பட்டது. ஏற்பி என்ற சொல்லில் பிழையில்லை. ஆனால் இங்கே ஏற்பி அந்த அலுமினியம் அல்ல, அறையில் இருக்கும் காற்று. உலோகம் வாங்கிக் கைமாற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு நம்மிடம் வினை இருக்கிறது. ஆறு தன்வினை, ஆற்று பிறவினை. காப்பியை ஆற்றுகிறோம். பசியையும் ஆற்றுகிறோம். டீக்கடையில் மாஸ்டர் ஏன் ஒரு முழம் நீட்டி இழுக்கிறார்? டீயின் அளவு மாறுவதில்லை, காற்றில் படும் பரப்பு விரிகிறது. பல் வைத்த அலுமினியம் செய்வதும் அதையேதான். ஆகவே சூடாற்றி. காற்றுப் பட வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. 'சூடாற்றி' என்று சொல்லியிருந்தால் அந்தப் பையன் துண்டைப் போட்டிருக்க மாட்டான்.

2என்3055-க்கு 115 வாட் தாங்கும் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும். டிரான்சிஸ்டரின் உலோக உறை 25 டிகிரி செல்சியஸில் நின்றால்தான் அந்தக் கணக்கு. சித்திரையில் நம் வீட்டு அறையே 35-க்கு மேல் போகிறது. போதாததற்கு, ஒரு டிகிரி சூடு ஏறினால், டிரான்சிஸ்டர் கரண்டைக் கடத்த அதன் பேஸ், எமிட்டர் கால்களுக்கு இடையே வேண்டிய வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். நாம் அங்கே கொடுத்து வைக்கும் வோல்டேஜ், அதாவது பயாஸ், அப்படியே நின்றால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சூடு கூடும். வெந்து போகிறவரை நிற்காது. சூடு ஏற ஏற பயாஸும் இறங்கட்டும் என்று, அதைக் கொடுக்கிற பயாஸ் டிரான்சிஸ்டரையும் அதே அலுமினியத்தில் திருகி வைப்பது இதற்குத்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, சனி மதியம்

தம்பி சொன்ன இயற்பியல் சரி. காற்றுதான் ஏற்பி, ஒப்புக்கொள்கிறேன். மறுகாலும் பொருந்தாது. குளம் நிறைந்த பிறகுதான் மறுகால் பாயும், இங்கே சுவிட்சைப் போட்டதிலிருந்தே சூடு வெளியேறுகிறது.

ஆனால் 'சூடு' பேச்சு வழக்கு. பாடத்துக்கு 'வெப்பம்' வேண்டும். சேர்த்தால் மகர ஈறு கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றி, வெப்பவாற்றி. அதைப் பிள்ளைகள் வெப்ப ஆற்றி என்று பிரிப்பார்கள், அடுத்த பக்கத்திலேயே வெப்ப ஆற்றல் இருக்கிறது. இன்னொன்று: 'சூடாற்றிப் பொருத்தவும்' என்றால் ஆற்றிவிட்டுப் பொருத்தவா, ஆற்றியைப் பொருத்தவா?

பேட்டையிலிருந்து, சனி பிற்பகல்

ஐயா, ஒலிபெருக்கிக்கும் அதே இடர் உண்டு, யாரும் தடுமாறவில்லை. 'சூடாற்றியைப் பொருத்தவும்' என்று வேற்றுமை உருபோடு எழுதிவிடுகிறேன். வெப்ப ஆற்றலோடு குழம்பும் என்றீர்களே, அதனால்தான் 'சூடு' போதும் என்கிறேன்.

என் ஓட்டு சூடாற்றிக்கு. ஸ்ரீவைகுண்டத்து அண்ணன் மறுகாலுக்கு. ஐயா இன்னும் இசையவில்லை. தென்காசி அக்கா எதுவும் சரி என்கிறார்கள். முதல் பக்கத்தில் 'ஹீட் சிங்க் என்கிற சூடாற்றி' என்று எழுதி, பிறகு சூடாற்றி மட்டும். ஐந்து மணிக்குக் கடைக்குப் போகிறேன்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து, சனி மாலை

அச்சுக்குப் போனால் போகட்டும் தம்பி, நான் மறுகாலை விடுவதாக இல்லை. கால் என்றால் காற்று என்றேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. குளம் நிறைவதைப் பற்றி ஐயாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

தென்காசியிலிருந்து, சனி மாலை

கடைக்குப் போகும் முன் ஒன்று. மைகாவுக்கு இரண்டு பக்கமும் தடவுகிற அந்த வெள்ளைப் பசைக்கு என்ன பேர் போட்டிருக்கிறீர்கள்? ஒட்டுகிற பசை என்று நினைத்து அப்பி வைத்துவிடுவார்கள். இடைவெளியை நிரப்புகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவினால் போதும்.