கோங்க் கிராமத்துக்குப் போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு பிரான்ஸின் அவேரோன் பகுதியிலுள்ள கோங்க் கிராமத்துக்குப் போகிறேன். பிரான்ஸின் லு பூயி நகரிலிருந்து ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ புண்ணியத் தலத்துக்கு நடக்கும் யாத்திரிகர்கள் தங்கிப்போகும் சின்ன மலையூர்.

அங்குள்ள சேன்த் ஃபுவா (புனித ஃபுவா) தேவாலயத்தைப் பார்ப்பது என் நெடுநாள் ஆசை. மேற்கு வாசலுக்கு மேலே 12-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சி இருக்கிறது. ஒரு பக்கம் சொர்க்கம், மறுபக்கம் நரகம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பழைய வண்ணத்தின் சுவடு இன்னும் கல்லில் தெரியுமாம். உள்ளே, அதே அவேரோன் பகுதியின் ரோடேஸ் நகரில் பிறந்த ஓவியர் பியர் சூலாஜ் வடிவமைத்து 1994-இல் முடிந்த 104 கண்ணாடிச் சன்னல்கள். அவற்றில் படமே கிடையாது, வெளிச்சம் மட்டும்தான். பொன் தகடு போர்த்திய புனித ஃபுவாவின் சிலையும் உண்டு.

எங்களிடம் கார் இல்லை. ரோடேஸிலிருந்து நீங்கள் எப்படிப் போனீர்கள்? அம்மாவுக்கு மூட்டுவலி. கல் பாவிய அந்தச் சரிவுச் சந்துகளில் அவரால் நடக்க முடியுமா? டூர்டூ ஆற்றுப் பழைய பாலம் வரை இறங்கினால் திரும்ப ஏறுவது ரொம்பக் கடினமா? மாலை வெயிலில் அந்த வாசலைப் பார்க்க ஓர் இரவு தங்க நினைக்கிறோம். தேவாலயத்துக்குப் பக்கத்தில், அதிகம் படி ஏறாமல் தங்க இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.