அம்மாவின் பூர்வீகச் சொத்துப் பங்கு: வழி சொல்லுங்கள்

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் தாத்தாவுக்குப் பூர்வீகமாக வந்த நஞ்சை 3 ஏக்கர் இருக்கிறது. தாத்தா 2001இல் தவறிவிட்டார், உயில் இல்லை. பட்டாவை மாமாக்கள் இருவரும் தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்போது விற்க ஆள் வந்ததும், ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று அம்மாவிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். கூடவே ஒரு பட்டுப்புடவை வேறு!

அம்மாவுக்குக் கல்யாணமானது 1986இல். 1989 மார்ச் 25க்கு முன்பே கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பங்கு இல்லை என்பது மாமாக்கள் வாதம். ஆனால் 2005இல் மத்தியச் சட்டமான இந்து வாரிசுரிமைச் சட்டமே திருத்தப்பட்டது. பெண்ணின் அப்பா அப்போது உயிரோடு இல்லாவிட்டாலும் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே?

பாகம் ‘வாய்மொழியாக’ 2003லேயே பிரித்தாயிற்றாம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் பதிவாகவில்லை. அந்த 2005 திருத்தப்படி, 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ கோர்ட் தீர்ப்பானதோதானே செல்லும்?

முதலில் வக்கீல் நோட்டீஸா, நேரே பாகப்பிரிவினை வழக்கா? பட்டாவுக்கு ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) இப்போதும் மேல்முறையீடு செய்யலாமா? அம்மா, ‘அண்ணன் தம்பி உறவு போயிடும்டி’ என்று அழுகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.