அசையாமல் நிற்கும் மீனின் துடுப்புகள் (மீன் ஆர்வலர்கள் புனைபெயர்களில் எழுதிக்கொண்டவை)

செவுள்:
நேற்றிரவு விளக்கை அணைக்கப் போன நான், தொட்டியின் முன் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். தங்கமீன் நடுநீரில் ஒரே இடத்தில் நின்றிருந்தது. ஆனால் அதன் மார்புத் துடுப்புகள் இரண்டும் ஒரு நொடிகூட ஓயவில்லை. செவுளிலிருந்து நீர் பின்பக்கமாக வெளியேறும் ஒவ்வொரு முறையும் உடல் முன்னே நகர வேண்டும். அதை ஈடுகட்டத்தான் துடுப்புகள் எதிர்த்திசையில் இடைவிடாமல் உழைக்கின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெல்லிய சவ்வின் மேல் விளிம்பில் தொடங்கிய வளைவு ஒவ்வொரு முள்ளாக இறங்கிக் கீழ் விளிம்பில் மறைந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆழ்நீர்:
செவுள் நீரை ஈடுகட்டுவதற்காக மட்டுமே என்று தாங்கள் எழுதியதை என்னால் ஏற்க இயலவில்லை. பல எலும்பு மீன்களில் மிதப்பு மையம் (நீர் உடலை மேலே தூக்கும் புள்ளி) எடை மையத்திற்கு (எடை கீழே இழுக்கும் புள்ளி) சற்றுக் கீழே இருப்பதால், உடல் எந்நேரமும் புரண்டுவிடப் பார்க்கிறது. துடுப்புகளே அதை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. நான் ஆறு ஆண்டுகள் வளர்த்த மீன் இறந்தபோது அருகில் இருந்தேன். முதலில் இடது துடுப்பு நின்றது, பிறகு வலது துடுப்பு நின்றது. அதன் பின்னரே உடல் மெதுவாகச் சாய்ந்து, வயிறு மேலே வந்தது.

பவளம்:
துடுப்பு நீந்துவதற்கு மட்டுமன்று. முக்குளிக்கும்போது என்னைக் கண்டு மிரண்ட கிளாத்தி மீன் ஒன்று பாறை இடுக்கில் புகுந்து, முதுகின் முதல் முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டது. பின்னாலுள்ள சிறிய முள் தளர்ந்தால்தான் அந்தப் பூட்டு விடுபடும். வாலை அசைக்காமல், முதுகிலும் அடிவயிற்றின் பின்புறத்திலும் உள்ள துடுப்புகளை மட்டும் அலையவிட்டே அது அங்கு வந்து சேர்ந்திருந்தது.

பாசி:
என் மீனுக்கு ஒருமுறை வால் கிழிந்து, பிறகு வளர்ந்தது. செவுள் அவர்களே, தங்கள் வடிகட்டியின் நீரோட்டத்தைத் தயவுசெய்து குறைத்துப் பாருங்கள். ஓட்டம் கடுமையாக இருந்தால் நிற்பதற்கே மீன் களைத்துப்போகும், நீண்ட துடுப்புள்ள வகைகள் இன்னும் விரைவில் களைக்கும். துடுப்பின் ஓரம் வெளுத்தோ நைந்தோ தெரிந்தால் உடனே மருந்து ஊற்றாமல், முதலில் நீரில் அம்மோனியா (மீன் கழிவிலிருந்து சேரும் நச்சு) இருக்கிறதா என்று சோதித்து, நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். அடிப்பகுதி சிதையாதவரை துடுப்பு பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

செவுள்:
ஓட்டத்தைக் குறைத்துவிட்டேன். துடுப்புகள் இப்போது நிதானமாக அசைகின்றன; ஆனால் நிற்கவில்லை.