பழைய குதிரை ரேக் ஒண்ணு வாங்கிட்டேன், வயசும் ஒரிஜினல் கலரும் எப்படி கண்டுபிடிக்கிறது?

முத்தியால்பேட்டை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் வீட்டு மாடிக்கு பழைய இரும்பு கிரில் தேடி வில்லியனூர் பக்கம் ஒரு காயலான் கடைக்கு போனேன், போனது கிரில்லுக்கு, வாங்கிட்டு வந்தது வேற. நெஞ்சு ஒசரத்துக்கு ரெண்டு இரும்பு சக்கரம், நடுவுல எட்டடி அச்சு, அதுல வரிசையா பிறை மாதிரி வளைஞ்ச கம்பி 26 (எண்ணிட்டேன், ஒண்ணு பாதியில ஒடஞ்சிருக்கு), மேல ஒரு இரும்பு சீட்டு, பக்கத்துல லீவர். நெட்ல தேடுனா ஹே ரேக், டம்ப் ரேக்குன்னு வருது, குதிரை கட்டி காய்ஞ்ச புல்ல வாருறதாம். கிலோ கணக்குல தான் காசு கொடுத்தேன், வீட்டுல இன்னும் முழு தொகைய சொல்லல.

மச்சானோட கஃபே வாசல்ல நிறுத்தலாம்னு பிளான். கடைக்காரர் சொன்னது, இது பிரெஞ்சுக்காரன் காலத்து சாமான், 1862-ல செஞ்சது, நம்பரே போட்டிருக்கு பாருன்னு காட்டுனாரு. நெஜமாவே சக்கரத்து பக்கத்துல வார்ப்புல 1862-ன்னு இருக்கு. கம்பிய புடிச்சிருக்கிற கிளாம்புல எழுத்து இருக்கு, முன்னாடியும் பின்னாடியும் தேஞ்சி போச்சு, நடுவுல டி, ஓ, எக்ஸ், ஈ, டி (TOXET) மட்டும் தெரியுது.

கலர் தான் கொழப்பம். மேல சில்வர் பெயிண்ட், அது உரிஞ்ச எடத்துல சிவப்பு, சில மூலையில பச்சை. பெயிண்டர் "சிவப்பு அடிச்சிடலாம் சார், ரெண்டு நாள் வேலை"ன்னு நிக்கிறாரு. ஒரிஜினல் கலர் தெரியாம அடிக்க மனசு வரல. முன்னாடி குதிரை பூட்டுற மரம் இல்ல, அதுக்கு பதிலா ஒரு சி சேனல் (சி வடிவ இரும்பு) வெல்டு பண்ணியிருக்கு. யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சொல்தா_பேரன்:
"டாக்ஸெத்" மாதிரி ஏதோ பிரெஞ்சு பேரா இருக்கும் நண்பா. எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் பிரான்ஸ்ல கிராமத்துல இருந்தாரு, அங்க ஒவ்வொரு பண்ணை வாசல்லயும் இந்த மாதிரி துருப்புடிச்சு நிக்கும், அதுல பூச்செடி வெப்பாங்கன்னு சொல்வாரு. பிரெஞ்சு சாமான்னா எங்கயாவது "பிரெவெத்தே எஸ்.ஜி.டி.ஜி"-ன்னு எழுதியிருக்கும், பேட்டன்ட் உண்டு ஆனா கவர்மென்ட் கேரண்டி கெடையாதுன்னு அர்த்தம். 1844-லேர்ந்து 1968 வரைக்கும் அதை போட்டாங்க. அது இருக்கா பாருங்க.

மரைகழண்டவன்:
தம்பி, முதல்ல பெயிண்டர வீட்டுக்கு அனுப்பு. நான் நெல்லிக்குப்பம், முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பாத்தவன், இந்த மாதிரி சீமை இரும்பு நெறைய கழட்டியிருக்கேன்.

அந்த 1862 வருஷம் இல்ல. அது வார்ப்பு அச்சோட நம்பர், பார்ட் நம்பர்னு வெச்சுக்கோ, ஒடஞ்சா அதே பீஸ ஆர்டர் பண்றதுக்கு போடுறது. இன்னொரு பக்கத்து சக்கரத்துக்கிட்ட போய் பாரு, 1863-ன்னோ 1861-ன்னோ இருக்கும். எடது பக்கம் ஒரு வருஷம், வலது பக்கம் அடுத்த வருஷமா செஞ்சான்? இதே கூத்து ஜான் டியர் வெச்சிருக்கிறவங்களும் பண்ணுவாங்க, பலகையில 1837-ன்னு இருக்கும், அது கம்பெனி ஆரம்பிச்ச வருஷம், உடனே என் கலப்பை 1837-ன்னு கெளம்பிடுவாங்க. வருஷம் வேணும்னா பேட்டன்ட் நம்பர் தேடு. அமெரிக்கா சாமான்னா பேட்டன்ட் நம்பரே கணக்கு சொல்லிடும், பத்து லட்சமாவது நம்பர் 1911-ல குடுத்தான், இருபது லட்சமாவது 1935-ல. சில கம்பெனி தேதியே வார்த்திருப்பான். ஆனா பேட்டன்ட் தேதிங்கிறது அதுக்கு முன்னாடி செய்யலன்னு சொல்லும், எப்ப செஞ்சான்னு சொல்லாது.

அடுத்தது மரை. ஒரு பழைய போல்ட்டு, சதுர நட்டு போட்டதா பாத்து கழட்டு. அரை இஞ்சு போல்ட்டுல ஒரு இஞ்சுக்கு 12 மரை இருந்தா விட்வொர்த்ங்கிற மரை அளவு, இங்கிலாந்து சாமான். 13 இருந்தா அமெரிக்கா. பிரெஞ்சுன்னா மில்லிமீட்டர்ல வரும், 12 எம்எம் போல்ட்டுக்கு மரைக்கு மரை 1.75. ஒரு விஷயம் கவனம், நம்ம ஊர் பட்டறையிலயும் ரொம்ப நாள் விட்வொர்த் தான் ஓடுச்சு, அதனால இங்க மாத்துன போல்ட்டு உன்னைய ஏமாத்தும். வார்ப்புக்குள்ளயே மரை வெட்டியிருக்கிற எடத்த பாரு, அது பொய் சொல்லாது.

சீட்டு வார்ப்பிரும்பா, தகடு அடிச்சு வளைச்சதா? வார்ப்பிரும்பு சீட்டுல பேரு சல்லடை மாதிரி வெட்டு விட்டு வார்த்திருப்பான், அது பொதுவா பழசு, 1800-கள் கடைசி. தகடு சீட்டு அதுக்கு அப்புறம் தான் பெருகுச்சு.

டி ஓ எக்ஸ் ஈ டி பாத்து எனக்கு ஒரு சந்தேகம், மரை எண்ணிட்டு வா, சொல்றேன்.

காயலான்_கண்ணாயிரம்:
ஒரு உண்மை சொல்லட்டா, பாண்டிச்சேரியில காயலான் கடையில இருக்கிற எல்லாமே பிரெஞ்சு காலம் தான். என் மாமா கடையில 90-கள்ல வந்த கேட்டையே பிரெஞ்சு கேட்டுன்னு வித்தாரு.

ஆனா எனக்கு வேற டவுட்டு. நம்ம பக்கம் வைக்கோல கவைக்கம்பு போட்டு கையில தான் தள்ளுவாங்க, இந்த மெஷினுக்கு இங்க என்ன வேலை?

மரைகழண்டவன்:
நல்ல கேள்வி. வைக்கோலுக்கு வந்திருக்காது, குதிரைப் புல்லுக்கு வந்திருக்கலாம். வெள்ளைக்காரன் பட்டாளத்து குதிரைக்கும் மாட்டுக்கும் தனியா மிலிட்டரி பண்ணை வெச்சிருந்தான், முதல் பண்ணை 1889-ல அலகாபாத்துல. அப்புறம் பெரிய ஊர் கன்டோன்மென்ட் பக்கமெல்லாம் வந்துச்சு. அதுக்கும் முன்னாடி 1860-கள்லயே மெட்ராஸ் கவர்மென்ட் சைதாப்பேட்டையில பண்ணை போட்டு சீமையிலேர்ந்து கலப்பை, ஏர் எல்லாம் இறக்கி பாத்துச்சு. அப்படி எங்கயோ ஏலத்துல போய் கை மாறி கை மாறி வில்லியனூர் வந்திருக்கும். இது என் யூகம் தான், சத்தியம் பண்ண மாட்டேன்.

முத்தியால்பேட்டை_பையன்:
ஐயா, கால்ல விழறேன். அந்த பக்கம் 1863 தான் இருக்கு 😂 எஸ்.ஜி.டி.ஜி எங்கயும் இல்ல. தகடு சீட்டு. வார்ப்புக்குள்ள இருக்கிற மரைக்கு கேஜ் வெச்சு பாத்தோம், இஞ்சுக்கு 12. மண்ணெண்ணெய் போட்டு கிளாம்ப தேய்ச்சதுல முன்னாடி இன்னும் ரெண்டு எழுத்து வந்துச்சு, யு, டி (UT).

மரைகழண்டவன்:
நெனச்சேன். யூட்டாக்ஸிட்டர் (UTTOXETER). இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ஒரு சின்ன ஊரு. அங்க பாம்ஃபோர்டு கம்பெனி புல்லு வெட்டுற மெஷின், ரேக் எல்லாம் செஞ்சான். அந்த குடும்பத்து பையன் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945-ல அதே ஊர்ல ஒரு சின்ன ஷெட்டுல தனியா கடை போட்டான், அவன் பேரோட மூணு எழுத்து தான் இன்னிக்கு நம்ம தெருவெல்லாம் தோண்டுற ஜேசிபி. உன் ரேக்கு ஜேசிபிக்கு பெரியப்பா முறை தம்பி, கஃபேயில அப்படியே எழுதி வை. வயசு கேட்டா, தகடு சீட்டு, குதிரைக்கு செஞ்ச அமைப்பு, ரெண்டையும் பாத்தா 1900-க்கும் 1940-க்கும் நடுவுலன்னு நான் சொல்வேன். அதுக்கு மேல இறுக்கி சொன்னா கதை விடறேன்னு அர்த்தம்.

டிஸ்டம்பர்_தாஸ்:
கலர் மேட்டருக்கு நான் வரேன். பழைய கேட்டு, கதவு ரெஸ்டோர் பண்ற வேலை தான் எனக்கு, மஞ்சக்குப்பத்துல பட்டறை.

ப்ரோ உங்ககிட்ட ஏற்கனவே துப்பு இருக்கு, அந்த வெல்டு பண்ண சேனல். அது பின்னாடி டிராக்டர்ல கட்டுறதுக்கு மாத்துனது. அந்த சேனல்ல என்னென்ன கலர் இருக்கோ அதெல்லாம் மாத்துனதுக்கு அப்புறம் அடிச்சது, ஒரிஜினல் ஆக முடியாது. சேனல்ல சில்வரும் சிவப்பும் மட்டும் இருந்து, பச்சை இல்லேன்னா கேஸ் பாதி முடிஞ்சிது.

மீதி பாதிக்கு, வெயிலும் உப்புக்காத்தும் படாத எடம் வேணும். கிளாம்ப கழட்டி அதோட உள்பக்கம், சீட்டுக்கு அடியில ஸ்ப்ரிங் பட்டை உக்கார்ற எடம், கிரீஸ் கட்டிப்போன மூலை. 400 நம்பர் வாட்டர் பேப்பர நனைச்சு ஒரு ரூபா காசு அளவுக்கு வட்டமா தேய்ங்க, நடுவுல அழுத்தி, ஓரத்துல லேசா. மரத்துல வளையம் தெரியுற மாதிரி ஒவ்வொரு கோட்டும் தனித்தனி வளையமா வரும், நடுவுல இருக்கிறது தான் மொத கோட்டு. நடுவுல பளிச்சுன்னு ஆரஞ்சு வந்தா அது கலர் இல்ல, ரெட் லெட் பிரைமர் (துரு புடிக்காம இருக்க அடிக்கிற ஈய அடிப்பூச்சு), அதுக்கு அடுத்த வளையத்த பாருங்க. இதுல தான் நெறைய பேர் ஏமாந்து முழு வண்டியையும் ஆரஞ்சு அடிச்சு வெச்சிருக்காங்க. கலர் மேட்ச் பண்றப்ப சுரண்டுன எடத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி பாருங்க, காய்ஞ்ச பெயிண்ட் எப்பவும் வெளுத்து தெரியும்.

ரொம்ப முக்கியம், காய்ஞ்ச உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அந்த காலத்து பெயிண்ட்ல ஈயம் கண்டிப்பா இருக்கும். நம்ம நாட்டுலயே வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுன்னு 2017 நவம்பர்லேர்ந்து தான் கட்டாயம். கஃபேல சின்ன பசங்க வந்து ஏறி உக்காரும், தூசி கையில ஒட்டும், வாய்க்கு போகும். நனைச்சு தேய்ங்க, தண்ணிய துணியில ஒத்தி எடுங்க, மாஸ்க் போடுங்க.

முத்தியால்பேட்டை_பையன்:
அப்டேட். சேனல்ல சில்வர், சிவப்பு, அதுக்கு அடியில நேரா இரும்பு. பச்சை இல்ல. கிளாம்பு உள்பக்கம் தேய்ச்சா வெளியிலேர்ந்து உள்ள சிவப்பு, பச்சை, ஆரஞ்சு. அப்ப பச்சை தான்னு குஷியா இருந்தேன், ஆனா சக்கரத்து குடத்துல (அச்சு போற நடுப்பகுதி) தேய்ச்சா பச்சையே காணோம், ஆரஞ்சுக்கு மேல நேரா ஒரு கரும் சிவப்பு, அதுக்கு மேல தான் இந்த புது சிவப்பு. ரெண்டு சிவப்பும் ஒண்ணு இல்ல, பக்கத்துல வெச்சா நல்லா தெரியுது.

டிஸ்டம்பர்_தாஸ்:
உடம்பு ஒரு கலரு, சக்கரம் ஒரு கலருன்னு அடிக்கிறது அப்ப சகஜம் தான். ஆனா ஒரு சக்கரம் வேற மெஷின்லேர்ந்து வந்ததாவும் இருக்கலாம். இன்னொரு சக்கரத்தையும் பாத்துட்டு சொல்லுங்க.

மரைகழண்டவன்:
குடத்த கழட்டுறப்ப சுத்தியல்ல அடிக்காத, வார்ப்பு வெடிச்சிடும். ராத்திரி மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வை.

முத்தியால்பேட்டை_பையன்:
ஊற வெச்சாச்சு ஐயா. ஞாயித்துக்கிழமை கழட்டுறோம். பெயிண்டர் போன் பண்ணாரு, "சார் சிவப்பு டப்பா வாங்கிட்டேன்"னு. வீட்டு கேட்டுக்கு அடிச்சிடுங்கன்னு சொல்லிட்டேன்.