பொருள்: 'கிரெடிட் டிரான்ஸ்ஃபர்' தமிழில் என்ன? (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

கூபர்டினோவிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டுக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு கல்லூரியில் படித்து முடித்த பாடங்களுக்கான 'கிரெடிட்'டை இன்னொரு கல்லூரி தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் 'கிரெடிட் டிரான்ஸ்ஃபர்'. அதற்கு 'மதிப்பெண் மாற்றம்' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓர் அம்மா, மதிப்பெண்ணைத் திருத்தித் தருவார்களா என்று கேட்டுவிட்டார். உதவுங்கள்.

கோவையிலிருந்து:
மதிப்பெண் வேறு, இது வேறு. இது உழைப்பின் அளவு, ஆகவே 'அலகு'. செய்யுளை அசை பிரித்து எண்ணுவதை அலகிடுதல் என்கிறோம். 'ஒற்று (மெய்யெழுத்து) அலகு பெறாது' என்று யாப்பில் படித்திருப்பீர்கள். 'க' என்றாலும் 'கல்' என்றாலும் ஒரே நேரசைதான். ஒற்று காதில் விழுகிறது, கணக்கில் ஏறுவதில்லை. ஓசைக்காக மெய்யை நீட்டி ஒலிக்கும் ஒற்றளபெடையில் மட்டும் அதற்கும் அலகு உண்டு. அதன் காரணத்தைத் தனி மடலில் எழுதுகிறேன். என் பரிந்துரை 'அலகுப் பெயர்ச்சி'. நாற்றங்காலில் வளர்ந்ததைப் பெயர்த்து வயலில் நடுகிறோம் அல்லவா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
'அலகு' சரி. 'கிரெடிட்' என்று மட்டும் விட்டால் எங்கள் பெற்றோர் சாதாரண தரப் பரீட்சையின் திறமைச் சித்தி என்றே எண்ணுவார்கள். 'பெயர்ச்சி' என்றால் கோள்கள்தான் நினைவுக்கு வரும், ஐயா.

மதுரையிலிருந்து:
முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன். நம் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் 'கிரெடிட்' என்றே சொல்கிறார்கள். புரிகிற சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புரியாததைத் திணிக்காதீர்கள். முதலில் 'சமுதாயக் கல்லூரி'யை விளக்குங்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் குறுகிய காலத் தொழிற்பயிற்சியைக் குறிக்கும். ஊரில் இருக்கும் தாத்தா, பேரன் பட்டப்படிப்பையே விட்டுவிட்டான் என்று கலங்குவார். அங்கே அது கலிபோர்னியாவின் 1960-ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டம் உறுதிசெய்த நேர்வழி என்று எழுதுங்கள்.

சான் ஹோசேயிலிருந்து:
எனக்கு 'மாற்றம்', 'பெயர்ச்சி' இரண்டின் மேலும் கோபம். அலகு தானாக எங்கும் போவதில்லை. பல்கலைக்கழகம் ஏற்றால்தான் உண்டு. என் மகளின் ஒரு கணிதப் பாடத்துக்கு அலகு கொடுத்தார்கள். ஆனால் அவளுடைய முதன்மைப் பாடத் தேவைக்கு அது செல்லாது என்றார்கள். அதையே மறுபடி படித்தாள். அரையாண்டுக் கட்டணம் போயிற்று. எந்தப் பாடம் எங்கே எதற்கு ஈடாகும் என்று 'அசிஸ்ட்' இணையதளத்தில் பார்க்க வேண்டும் என எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 'ஏற்பு' என்ற சொல் இருந்திருந்தால் 'யார் ஏற்பது' என்றாவது கேட்டிருப்பேன். 'ஏற்பலகு' என்று எழுதுங்கள்.

கோவையிலிருந்து:
'ஏற்பலகு' என்பதை வேகமாகப் படித்தால் பலகை என்று தோன்றும். புணர்ச்சி சரி, செவிக்கு ஒவ்வாது.

கூபர்டினோவிலிருந்து:
சான் ஹோசே அம்மா சொன்னதற்கு நேர்மாறும் உண்டு. அடிநிலைப் பாடங்களுக்கு (முதல் இரண்டாண்டுப் பாடங்கள்) கலிபோர்னியா பல்கலைக்கழகம் செமஸ்டர் கணக்கில் 70 அலகு வரைதான் சேர்க்கும். டி ஆன்சா போன்ற காலாண்டுக் கல்லூரி என்றால் 105. அதற்கு மேல் படித்த பாடம் தேவையை நிறைவு செய்யும், அலகு பெறாது. கோவை ஐயா சொன்ன ஒற்று அப்படியே இதுதான்! ஆகவே இரண்டு சொற்கள் வைக்கிறேன்: 'அலகு ஏற்பு', 'பாட ஏற்பு'. முதல் பக்கத்தில் மட்டும் அருகில் 'கிரெடிட்' வரும்.

மதுரையிலிருந்து:
எல்லாப் பக்கத்திலும் வரட்டும். ஆனாலும் தடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எனக்குச் சம்மதம்.

கோவையிலிருந்து:
பெரும்பான்மை அப்படியென்றால் அச்சிடுங்கள். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'ஏற்பு' கொள்பவரின் செயலை மட்டுமே சொல்கிறது. இரண்டாண்டு உழைத்துச் சேர்த்ததைச் சுமந்துகொண்டு வாசலில் நிற்கிற பிள்ளை அந்தச் சொல்லில் இல்லை. ஒற்றளபெடை மடல் நாளை வரும்.