அந்திக் கணக்கு: வௌவால்களை எண்ணியவர்களின் அனுபவப் பகிர்வு

திருநெல்வேலி மாவட்டம், பள்ளி ஆசிரியர்:

வௌவால் கண்காணிப்பில் ஈடுபட்டிருப்பவர்களும், தற்செயலாக அவற்றோடு பழக நேர்ந்தவர்களும் தாங்கள் நேரில் கண்டதை இங்கே எழுத வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

எங்கள் ஊர்க் குளக்கரையில் நிற்கும் மருத மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் எத்தனை தலைமுறையாகத் தங்கி வருகின்றன என்று சொல்லக்கூடியவர் இன்று எவரும் இல்லை. கோயில் மரம் என்பதால் யாரும் கல்லெறிவதில்லை. ஐப்பசியில் தீபாவளிக்குக் கூடக் கரையோரத்தில் வெடி போடுவதில்லை. மயிலாடுதுறைப் பக்கம் பெரம்பூரிலும் கோவை மாவட்டத்துக் கிட்டாம்பாளையத்திலும் ஊரே வௌவால்களுக்காக வெடியைக் கைவிட்டிருப்பதாகச் செய்திகளில் படித்திருப்பீர்கள். எங்கள் ஊரும் அப்படிப்பட்டதுதான். ஆனால் எத்தனை இருக்கின்றன என்று கேட்டால், "ஆயிரக்கணக்குல கெடக்கு" என்பதற்கு மேல் ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை, மாணவர்கள் சிலரையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு குளக்கரைக்குச் சென்றேன்.

மாலை ஐந்து மணிக்கே மரம் விழித்துவிட்டது. வெயில் தணியாத நேரமாதலால் பல வௌவால்கள் ஓர் இறக்கையை மட்டும் விரித்து விசிறிக்கொண்டிருந்தன. சில தம் இறக்கைச் சவ்வை நாவால் நக்கி ஈரப்படுத்திக்கொண்டிருந்தன. தொலைநோக்கியில் பார்த்தபோது, தாயின் இறக்கைக்குள்ளிருந்து ஒரு குட்டியின் முகம் மட்டும் வெளியே வந்து எங்களைப் பார்த்தது. இந்தப் பெரிய பழந்தின்னி வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். பிறந்த சில வாரங்கள் அதைச் சுமந்துகொண்டேதான் தாய் இரை தேடப் போகும். இதை அன்று மாணவர்களுக்குச் சொன்னபோது, ஓராண்டில் ஒரு மரத்தில் நேரும் இழப்பை ஈடுசெய்ய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை அவர்களாகவே கணக்கிட்டுப் பார்த்தார்கள்.

சூரியன் மறைந்து ஏறக்குறைய இருபது நிமிடங்கள் கழித்து முதல் வௌவால் கிளம்பியது. நாமஜெபம் எண்ணுவோர் கையில் வைத்திருக்கும் அந்தச் சிறு கவுண்டர்தான் எங்கள் கருவி. வானத்தில் மிஞ்சியிருக்கும் வெளிச்சத்தில் வௌவால்கள் கறுப்பாகத் தெரியும்படி, மரத்துக்கு அப்பால் திறந்த வானம் இருக்குமாறு பார்த்து நின்றோம். திசைக்கு ஒருவர் என்று முதலில் நினைத்திருந்தேன். நல்லவேளையாகத் திசைக்கு இருவராக நின்றோம். என்னோடு நின்ற பத்தாம் வகுப்பு மாணவியின் எண்ணிக்கை என்னுடையதைவிட நூற்றுக்கும் மேல் கூடுதலாக இருந்தது. கூட்டம் அடர்ந்து வந்தபோது நான் பத்துப் பத்தாக மதிப்பிட்டு அழுத்தினேன். அவளோ ஒவ்வொன்றாக எண்ணினாள். அவள் கணக்கே சரியென்று ஏற்றுக்கொண்டோம். இன்னொரு திசையில் வேறு விதமான பிழை நேர்ந்தது. சில வௌவால்கள் நேரே போய்விடாமல் குளத்தின் மேல் தாழப் பறந்து, வயிற்றால் நீரைத் தொட்டுவிட்டு மரத்துக்கே திரும்பி, நனைந்த மயிரை நக்கித் தாகம் தீர்த்துக்கொண்டு மறுபடியும் கிளம்பின. அவற்றை இரண்டு முறை எண்ணிவிட்டார்கள். அடுத்த மாதம் முதல், திரும்பி வருபவற்றைக் கழிப்பதற்கென்றே தனியாக ஒருவரை நிறுத்தினோம்.

எண்ணி முடித்துத் தாளில் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு முதிய அம்மா நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "மடைப் பக்கம் நின்ன ரெண்டு மருதையும் ரோட்டுக்குன்னு வெட்டுன பொறவு இது பாதி கூட இல்ல, ஐயா." அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த மரங்கள் வெட்டப்படுவதற்கு முன் எவரும் எண்ணி வைக்காததால், அதை எந்த மனுவிலும் எழுத என்னிடம் ஓர் எண் இல்லை. அன்று அந்த அம்மாவிடம் எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் கூட நாங்கள் கணக்கைத் தவறவிட்டதில்லை.

சட்டத்தின் நிலையும் அண்மைக்காலம் வரை இதற்கு உதவவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள், எலிகளோடும் காகங்களோடும் சேர்த்துத் தீங்குயிர்களின் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தன. யார் கொன்றாலும் கேள்வி இல்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகள் ஒரு சட்டம் ஓர் உயிரைத் தீங்கு என்று அழைத்தால், மக்கள் மனத்திலிருந்து அந்தச் சொல்லை எடுப்பதற்கு எத்தனை காலம் ஆகுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

மதுரை, முன்னாள் ஆய்வு மாணவி:

ஆசிரியர் ஐயா எழுதியது பெரிய வௌவால்களைப் பற்றியது. நான் பூச்சியுண்ணும் சிறு வௌவால்களோடு பழகியவள். அவற்றைக் கண்ணால் எண்ணுவது கடினம்; காதால் எண்ணுவதற்கோ நம் காது உதவாது. மனிதச் செவி ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். மதுரைப் பாறைக் குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவாலின் குரலோ 130 கிலோஹெர்ட்ஸையும் தாண்டியது. முதன்முதலில் ஒரு பழைய கோயிலின் இருண்ட மண்டபத்தில், அந்தக் குரலை நம் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும் டிடெக்டர் கருவியைத் திருப்பியபோது, அதுவரை அமைதியாக இருப்பதாக நான் நம்பியிருந்த அந்த இடம் முழுவதும் சீழ்க்கை ஒலியால் நிறைந்திருந்ததைக் கேட்டு உடல் சிலிர்த்தது. கருவியின் முள்ளை வெகுவாகத் தாழ்த்தி 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வைத்தால், கோபுரத்துக்கு வெளியே உயரத்தில் பறக்கும் கல்லறை வௌவால்களின் குரல் சீரான தட்டலாகக் கேட்கும். ஒரே கோயிலில் உள்ளே ஓர் இனம், வெளியே வேறோர் இனம்.

மதுரைக்காரர்கள் பலருக்கே தெரியாத ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். வௌவால்களின் உடற்கடிகாரத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று இந்த மண்ணில்தான் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன், ஜி.மாரிமுத்து முதலியோர், வெளிச்சமே புகாத குகையின் உட்பகுதியில் இலைமூக்கு வௌவாலைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சூரியனைக் காணாமலேயே, உடன் வாழும் வௌவால்கள் வெளியே கிளம்பும் நேரத்தோடு கூண்டிலிருந்ததும் தன் நேரத்தை ஒத்து வைத்துக்கொண்டது. துணையில்லாத வேறொரு குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிச் சென்றது. சுற்றத்தாரின் நடமாட்டமே அதற்குப் பொழுதைச் சொல்கிறது என்ற முடிவு 1981இல் வெளியானது. ஒரு கூட்டத்தைக் கலைப்பது என்றால் என்னவென்பதை அந்த ஒரு சோதனையே எனக்கு உணர்த்தியது.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் தொடர்ந்து பதிவு செய்துவந்த ஒரு கோயிலில், ஊர் பெயர் வேண்டாம், திருப்பணி தொடங்கியது. குடமுழுக்குக்கு முன் மண்டபத்தின் பிளவுகளையெல்லாம் சுண்ணாம்பும் சிமெண்டும் கொண்டு பூசினார்கள். கோபுரத்துக்குச் சக்திவாய்ந்த விளக்குகள் போட்டார்கள். நான் சென்ற நாளன்று மேற்குப் பிராகாரத்துப் பிளவு பாதி பூசப்பட்டிருந்தது. ஏணியின் கீழே, ஈரச் சுண்ணாம்பில், கட்டைவிரல் அளவே இருந்த, மயிர் முளைக்காத இரு குட்டிகள் கிடந்தன. ஒன்று அசைந்துகொண்டிருந்தது. கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டு, "உள்ள இருக்கும்னு யாருமே சொல்லலையேம்மா" என்று கலங்கினார். அவர் மேல் தவறில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். என் பதிவேட்டில் அது எந்தப் பிளவு, எந்த இனம், எந்த மாதத்தில் குட்டி ஈனும் என்பதெல்லாம் இருந்தது. திருப்பணி செய்பவர் கையில் அது போய்ச் சேரவில்லை.

மறுநாள் ஸ்தபதியாரைச் சந்தித்தேன். வயதில் மூத்தவர், பொறுமையாகக் கேட்டார். பூசாமல் மிஞ்சியிருந்த மூன்று பிளவுகளைக் குட்டிகள் பறக்கத் தொடங்கும் வரை தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகும் சிற்பத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஓர் இடைவெளியை விட்டுவைத்தார். விளக்கு விஷயத்தில் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோபுரத்துக்கு வெளியே கேட்ட தட்டல் ஒலி அதன் பிறகு என் பதிவுகளில் வரவே இல்லை. ஆதலால் ஓர் இடத்தைக் கண்காணிக்கத் தொடங்குபவர்கள், அந்த இடத்தைப் பராமரிப்பவர் யார் என்பதை முதல் நாளே அறிந்து அவரிடம் பேசிவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரித் தோட்டப் பணியாளர்:

நான் ஆய்வாளர் இல்லை. ஆண்டுதோறும் நெட்டிலிங்க மரங்களைக் கழித்துவிடுவது என் வேலையாக இருந்தது. ஒருமுறை, கீழ்க்கிளைகள் உள்பக்கமாகக் கடித்து மடிக்கப்பட்டு, குடை போலக் குழிந்திருந்ததைக் கண்டு நோய் என்று நினைத்து வெட்டப் போனேன். விலங்கியல் பேராசிரியர் ஓடிவந்து தடுத்தார். குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலின் ஆண், தண்டுகளையும் இலைகளையும் பல நாள் கடித்துக் கடித்து அந்தக் கூடாரத்தை அமைக்கிறது என்றும், பெண்கள் வந்து தங்குவது அதில்தான் என்றும், 1990களில் எங்கள் பாளையங்கோட்டைப் பகுதியிலேயே அதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்றும் விளக்கினார். இப்போது கழிப்பதற்கு முன் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று அண்ணாந்து பார்க்கிறேன். கீழே புதிதாகக் கடித்துப்போட்ட இலைத் துணுக்குகள் இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுகிறேன்.

தேனி, காட்டுயிர் ஆர்வலர்:

மதுரை சகோதரி, பதிவேடு உரியவர் கைக்குப் போய்ச் சேராததைப் பற்றி எழுதியதைப் படித்தபோது மேகமலைதான் நினைவுக்கு வந்தது. 1948இல் அங்கே தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். சாதாரணக் குட்டைமூக்கு வௌவால் என்று தவறாகக் குறிக்கப்பட்டு, அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்து, அறிவியலுக்கே புதிய பேரினம் என்று 1972இல் அறிவித்து, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உயிரோடு மறுபடியும் அது காணப்பட்டது 1993இல்தான்.

இதை அறிந்திருந்தும், வனத்துறையின் அனுமதியோடு நடந்த ஓர் ஆய்வில் உதவியாளனாகச் சென்ற இரவில் நானும் அதே தவற்றைச் செய்யப் பார்த்தேன். மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய வலையில், நள்ளிரவுக்குச் சற்று முன், பழுப்பு நிறத்தில் ஒன்று விழுந்தது. தடித்த கையுறையோடு அதை விடுவித்துத் துணிப்பைக்குள் இட்டு, முன்கையின் நீளத்தை அளப்பதற்குள்ளாகவே படிவத்தில் "குட்டைமூக்கு" என்று எழுதிவிட்டேன். ஆய்வாளர் பையைத் திறந்து, விளக்கொளியில் அதன் பின்பக்கத்தை மெல்லத் திருப்பி, "வாலைப் பாருங்கள்" என்றார். குட்டைமூக்கு வௌவாலுக்குச் சிறியதாயினும் ஒரு வால் உண்டு. சாலிம் அலி வௌவாலுக்கு வெளியே தெரியும் வால் கிடையாது. வலையில் விழுந்ததற்கு வால் இருந்தது. நான் எழுதியது சரியாகப் போயிற்று. இருந்தாலும் ஆய்வாளர் அந்த வரியை அடித்துவிட்டு, அளவுகளையெல்லாம் எடுத்த பிறகு என்னையே மறுபடியும் எழுதச் சொன்னார். கையில் இருந்தபோது அந்த உயிரின் நெஞ்சு துடித்த வேகம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. சர்க்கரைக் கரைசலைத் துளித்துளியாக நக்கிக் குடித்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டதும் ஒலியின்றிப் போய்விட்டது.

திண்டுக்கல் மாவட்டம், கொய்யா விவசாயி:

பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் எங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். பழுக்கும் பருவத்தில் ஒரே இரவில் கூடை கூடையாகச் சேதமாகும்போது எங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். மீன்பிடி வலை போன்ற நைலான் வலையைத் தோப்பு முழுவதும் தொங்கவிட்டிருந்தேன். ஒரு விடியற்காலை, இறக்கையின் நடு எலும்பு வரை நூல் அறுத்திருந்த நிலையில் ஒரு பெரிய வௌவால் அதில் தொங்கியது. மார்பில் குட்டி ஒன்று பற்றியிருந்தது. வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்லி, தாங்கள் வரும் வரை வெறுங்கையால் தொட வேண்டாம் என்று அவர்கள் கூறியபடி, கோணிச் சாக்கை நிழலுக்காகக் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். தாய் பிழைக்கவில்லை. அந்த வாரமே அந்த வலையைக் கழற்றி எரித்துவிட்டு, விரல் நுழையாத நெருக்கமான பின்னலுள்ள வலையை மரத்தோடு இறுக்கிக் கட்டினேன். செலவு கூடுதல்தான், ஆனால் இதுவரை அதில் ஒன்றும் சிக்கவில்லை, பழமும் தப்புகிறது.

2018 மே மாதம் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் நிபா பரவி 17 பேர் இறந்தபோது, எங்கள் ஊர் ஆலமரத்தை வெட்ட வேண்டுமென்று சிலர் கிளம்பினார்கள். பழந்தின்னி வௌவால்களிடம் அந்த வைரஸ் உண்டு என்பது உண்மை; அதனால் கடித்த பழத்தைத் தின்னக்கூடாது, திறந்த பானையில் இறக்கிய கள்ளையும் பதநீரையும் குடிக்கக்கூடாது. ஆனால் மரத்தை வெட்டினால் அவை இல்லாமல் போகாது. கலைந்து நாலா பக்கமும் வீட்டுத் தோட்டங்களுக்குத்தான் வரும். எங்கள் சுகாதார ஆய்வாளர் வந்து இதைப் பொறுமையாக விளக்கியதால் மரம் தப்பியது. இலுப்பைப் பூவுக்கு இரவில் வருபவை யார், தோப்புக்குத் தோப்பு விதையைக் கொண்டுபோய்ப் போடுபவை யார் என்று எங்கள் ஐயா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்; அந்த மரம் போயிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

திருநெல்வேலி மாவட்டம், பள்ளி ஆசிரியர்:

எழுதிய அனைவருக்கும் என் வணக்கம். எண்ணுவதற்கு எந்த மாதம் நல்லது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். எல்லா மாதமும் எண்ணுங்கள். முடியாவிட்டால் குட்டி ஈனுவதற்கு முன் ஒருமுறையும், குட்டிகள் தனியே பறக்கத் தொடங்கிய பின் ஒருமுறையும் எண்ணுங்கள். அதே இடத்தில் நின்று, அதே முறையில் எண்ணினால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். மரத்தின் மேல் டார்ச் அடிக்க வேண்டாம்.

மடைப் பக்கத்து மரங்களைப் பற்றிச் சொன்ன அந்த அம்மா, போன மாதக் கணக்கின்போது ஆடுகளைக் கட்டிவிட்டு எங்களோடு வந்து நின்றார். கவுண்டரை அவர் கையில் கொடுத்தோம். கிழக்குத் திசை அவருடையது.